படியேறி வருபவருக்கு நாற்காலி போடுங்கள்

(அட்டாளைச்சேனையில் இளம் சட்டத்தரணிகள் சிலர் சேர்ந்து புதிய சட்ட அலுவலகம் ஒன்றைத் திறந்த நாளில், எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தேயிலைத் தோட்டத்துச் சங்கக்காரருக்குக் கடற்கரை ஊரில் என்ன வேலை என்று சிலர் யோசிக்கலாம். பதுளையில் பஸ் ஏறி, பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை என்று இறங்கி வந்திருக்கிறோம். எங்களில் சிலர் ஆசிரியப் பயிற்சி பெற்றது இந்த ஊர்க் கல்லூரியில்தான். இங்கே உள்ள வட்டைகளில் விளையும் நெல்தான் எங்கள் லயங்களில் சோறாகிறது. நாங்கள் பறிக்கும் கொழுந்துதான் உங்கள் வாசலில் தேநீராகிறது. ஆனால் நாங்கள் வந்தது உறவு பாராட்டிவிட்டுப் போக மட்டும் அல்ல. கேட்டுப் பெற வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

புதிதாக ஒரு சட்டத்தரணி அலுவலகம் திறக்கும்போது மேசை வாங்க வேண்டும், சட்டப் புத்தகங்கள் வாங்க வேண்டும், பெயர்ப்பலகை எழுத வேண்டும். இதையெல்லாம் நீங்கள் செய்துவிட்டீர்கள். சட்டத்தரணிகள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகளில் உள்ள கட்டுப்பாடு. ஆகவே கடைக்காரர் போல நோட்டீஸ் அடித்துக் கொடுக்க உங்களால் முடியாது. முதலில் வந்து போகும் பத்துப் பேர் வெளியே போய் என்ன சொல்கிறார்களோ, அதுதான் உங்கள் விளம்பரம். அந்தப் பத்துப் பேர் யார் என்பதும், அவர்களை எப்படி வரவேற்றீர்கள் என்பதும்தான் இந்த அலுவலகத்தின் தலையெழுத்து.

இதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறோம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பிலும் இதைச் சொல்வதுண்டு.

1894ஆம் ஆண்டு. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரம். மோகன்தாஸ் காந்தி என்ற இளம் பாரிஸ்டர் நேட்டால் உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகப் பதிய விண்ணப்பித்தார். அங்கிருந்த வெள்ளைக்காரச் சட்டத்தரணிகளின் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் அந்த எதிர்ப்பை ஏற்காமல் அவரைப் பதிந்தது. தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்கூட நிறைந்திருக்காது. ஒரு நாள் கிழிந்த உடையோடு ஒருவர் அழுதுகொண்டு அவருடைய அலுவலகத்துக்குள் வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் இரத்தம். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றார். அவர் பெயர் பாலசுந்தரம். நம் தமிழர். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போனவர். முதலாளி அடித்துப் பல்லை உடைத்துவிட்டான்.

காந்திக்குத் தமிழ் சரளமாக வராது. ஆனால் அலுவலகத்தில் இருந்த லிகிதர் தமிழர். அவர் மூலமாகத்தான் முழுக் கதையும் தெரிந்தது. வெள்ளைக்காரர் முன் போகும்போது கூலிகள் தலைத்துண்டை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தப் பழக்கத்தில் காந்தி முன்பும் அவர் அவிழ்த்துக்கொண்டு நின்றார். முதலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. பிறகு டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். நேரே நீதவானிடம் கூட்டிப்போய்ச் சத்தியக்கடதாசியை ஒப்படைத்தார்.

அடுத்து அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். முதலாளியைச் சிறைக்கு அனுப்பிப் பெயர் வாங்க அவர் நினைக்கவில்லை. பாலசுந்தரத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார். அந்த முதலாளியிடமிருந்து விடுபட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்தக் கூலி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. சாதாரண வேலையாள் விட்டுப் போனால் வெறும் சிவில் வழக்கு. அதனால் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வைத்து, புதிய எஜமானையும் தேடிக் கொடுத்தார். இந்தச் செய்தி நேட்டாலில் உள்ள கூலிகள் எல்லாருடைய காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த அலுவலக வாசலில் ஏழைகள் வராத நாள் குறைவு.

இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. வந்தவருடைய மொழி தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தார். வந்தவர் மனிதராக நடத்தப்பட்டார். வந்தவருக்குத் தேவையானதே வழக்கின் நோக்கமாக இருந்தது. எங்கள் பார்வையில் ஒரு புதிய சட்ட அலுவலகத்துக்கு அத்திவாரம் இந்த மூன்றுதான்.

எங்கள் மலையகத்துக்கும் அப்படிச் சட்டம் படித்தவர்கள் கிடைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுப் போனால் சிறை என்ற சட்டம் இலங்கைத் தோட்டங்களிலும் இருந்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைக் கைமாற்றும் துண்டு முறையும் இருந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் அவரோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்தவர் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய சட்டத்தரணி பெரி. சுந்தரம். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. பத்து வருடம் கழித்து, 1931இல், அதே பெரி. சுந்தரம் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் அமைச்சரானார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தபோது, விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. லயத்தில் இருந்த ஒரு விதவைக்காக நாட்டின் பெரிய சட்டத்தரணி ஒருவர் எழுந்து நின்றார். அதை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

உங்கள் பகுதிக்கும் இது புதிதல்ல. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களும் முதலில் சட்டத்தரணிதான். அரசியல் அதற்குப் பிறகு வந்தது.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறோம்.

2024 மே தினத்தில் கொட்டகலையில் எங்களுக்கு 1,700 ரூபா நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டது. வர்த்தமானியும் வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை ஊடாக வந்தது 1,350 ரூபா. நீதிமன்றத்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கம்பனிக்குச் சட்டத்தரணி இருக்கிறார், அவர் நாள் தவறாமல் போய் நிற்கிறார் என்பதைத்தான் சொல்கிறோம்.

தொழிலாளியின் பக்கம் பாருங்கள். எங்கள் பகுதியில் ஓர் அக்கா. 29 வருடம் கொழுந்து பறித்தவர். கணவருக்கு வருத்தம் என்று ஆஸ்பத்திரியோடு இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்தார். பிரட்டுக்குப் போனால் பேர் இல்லை. "கடிதம் வரும்" என்றார்கள். அடுத்த மாதம் வா என்றார்கள். பெரிய துரை மாறுகிறார், புதுத் துரையிடம் பேசலாம் என்றார்கள். கடிதம் வந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். வேலையைத் தானாகவே விட்டுப் போய்விட்டார் என்று அதில் எழுதியிருந்தது. யாரோ சொல்லி அவர் ஒரு சட்டத்தரணியின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது எட்டு மாதம் ஆகிவிட்டது.

வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 29 வருட உழைப்பு ஒரு பக்கம், ஆறு மாதம் மறுபக்கம். அந்த அக்காவின் வேலைக்கான கதவு மூடிவிட்டது.

ஆனால் எல்லாக் கதவும் மூடவில்லை. பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு, அவர் நாட்சம்பளக்காரராக இருந்தால், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவை 14ஆல் பெருக்கினால் 18,900. அதை 29ஆல் பெருக்கினால் 548,100 ரூபா. இதை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். இதற்குத் தொழில் நியாய சபை வேண்டாம். தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். அதைப் போலவே ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளியிடம் 8 வீதம், நிர்வாகத்திடம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம். சேமலாப நிதியை நிர்வாகம் கட்டாமல் விட்டிருந்தால் அதற்கும் முதலில் தட்ட வேண்டிய கதவு தொழில் திணைக்களம். மலையில் விழுந்து கை முறிந்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். காணிக்கு உறுதி வேண்டுமானால் நொத்தாரிசு.

எந்தக் கதவு, எத்தனை நாளுக்குள் என்பது தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் தோற்கிறார்கள். நியாயம் இல்லாமல் தோற்பது குறைவு. புதிய சட்ட அலுவலகம் செய்யக்கூடிய முதல் உதவி, வந்தவரைச் சரியான கதவுக்கு அன்றைக்கே அனுப்புவது. அதற்கு வழக்குக்கூடப் போட வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. இதில்தான் உங்களிடம் எங்களுக்குத் தனி எதிர்பார்ப்பு இருக்கிறது.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வழக்காளி தன் வாயால் சொன்னது அவர் மொழியிலேயே பதிவாகும். மலையகத்தில் நீதிமன்ற மொழி சிங்களம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் உரிமை இருப்பது ஒன்று, தவணை நாளன்று மொழிபெயர்ப்பாளர் வந்திருப்பது இன்னொன்று. "அரைப் பேர் போட்டாங்க" என்று எங்கள் அம்மா ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு நாளின் பாதிச் சம்பளம் இருக்கிறது. "பேர் இல்லை" என்றால் வேலையே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மொழிபெயர்த்தால் வழக்கே மாறிவிடும்.

மொழி தவறினால் என்ன ஆகும் என்பது கிழக்கு மக்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன ரிசானா நபீக்கை நீங்களும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. 2005இல் கைதானபோது அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தரணி இல்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றி உலகமே கேள்வி கேட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது. எங்கள் லயங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் அதே நாடுகளுக்குத்தான் போகிறார்கள். முதல் வாக்குமூலம் கொடுக்கும் நாளில் பக்கத்தில் மொழி தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

ஒன்று. கட்டணத்தை முதல் நாளே சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். தவணைக்குத் தவணை எவ்வளவு என்று தெரியாமல் தோட்டை அடகு வைத்தவர்கள் எங்களில் உண்டு. உங்களுக்கும் வாடகை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இலவசமாக எல்லாம் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கொடுக்க வழியே இல்லாதவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பிவையுங்கள். 1978இலிருந்து அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது.

இரண்டு. வெல்லாத வழக்கை வெல்லாது என்று சொல்லுங்கள். எட்டு மாதம் பிந்தி வந்தவரிடம் "பார்ப்போம்" என்று சொல்லி இரண்டு வருடம் இழுத்தால், அவர் பணிக்கொடையை நினைக்கவே மறந்துவிடுவார்.

மூன்று. திகதிப் புத்தகம் ஒன்று வையுங்கள். ஒருவர் வந்து வேலை போய்விட்டது என்று சொன்னவுடன், எந்த நாளில் போனது என்று கேட்டு, ஆறு மாதம் முடியும் நாளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அலுவலகத்தில் இதைவிடப் பெறுமதியான புத்தகம் இருக்காது.

நான்கு. நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகர்களை உங்கள் படிக்கட்டில் ஏற விடாதீர்கள். சட்டத்தரணியிடம் போக இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒழிக்க உங்களால் முடியும்.

ஐந்து. தொழிற்சங்கத்தைப் போட்டிக்காரராக நினைக்காதீர்கள். தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகச் சங்கப் பிரதிநிதியும் தோன்றலாம், சட்டத்தரணியும் தோன்றலாம். நிர்வாகம் நீக்கியதை ஒப்புக்கொண்டால், அதற்கு நியாயம் காட்ட வேண்டியது நிர்வாகமே. "தானாகப் போனார்" என்று மறுத்தால், நீக்கியதை நாங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்துக்கு வேண்டிய செக்ரோல் விவரமும் சாட்சிகளும் எங்களிடம் இருக்கின்றன. சட்டம் உங்களிடம் இருக்கிறது.

ஆறு. கடைசியில் சொல்கிறோம் என்றோமே, அது இதுதான். மாதத்தில் ஒரு நாள் மலைக்கு வாருங்கள். இரண்டு பேர் வந்தால் போதும். தோட்டத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பறையை நாங்கள் ஒழுங்கு செய்கிறோம். தங்க இடம் தருகிறோம், ஹலால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் குறை வராமல் பார்த்துக்கொள்கிறோம். நொத்தாரிசு வேலையில் அனுபவமுள்ள ஒருவரும் வந்தால் நல்லது. 7 பேர்ச் காணியில் வீடு கட்டிக் குடியிருந்தும் கையில் உறுதி இல்லாதவர்கள் எத்தனையோ பேர். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி ஏமாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்று எங்கள் மொழியில் ஒருவர் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முடிந்தால் இன்னும் ஒன்று. உங்கள் அலுவலகத்துக்கு லிகிதரோ தட்டெழுத்தாளரோ தேவைப்படும்போது, உயர்தரம் முடித்த எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாலசுந்தரத்தின் கதையைக் காந்திக்குப் புரியவைத்தது அந்த லிகிதர்தான்.

உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் பங்கையும் இந்தச் சபையில் சொல்லிவிடுகிறோம். எங்கள் செய்தி மடலிலும் இது அச்சாகும். லயங்களில் வாசிப்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

சம்பளத் துண்டை அடுப்பு மூட்டப் பாவிக்க வேண்டாம். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சேமலாப நிதி இலக்கம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி எல்லாம் அதே டின்னில் இருக்கட்டும். பேரில் எழுத்து மாறியிருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்றிருந்தால் பணம் எடுக்கும் நாளில் அலைச்சல்தான். வாசிக்கத் தெரியாத தாளில் பெருவிரல் வைக்காதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேர் நின்றுபோன நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள். வாயால் நின்ற வேலையை வாயால் கேட்டுக்கொண்டிருக்காமல், எழுத்தில் கேட்டு அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். யார் பேச்சுவார்த்தை நடத்தினாலும், அது நடக்கிற போதே விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக ஆறு மாதம் ஏழு மாதமாகாது.

சட்டத்தரணியிடம் போனால் உள்ளதைச் சொல்லுங்கள். நமக்கு எதிரான விஷயம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மறைத்ததை நிர்வாகத்தின் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் எடுப்பார். அப்போது நம்முடையவருக்குப் பேச வாய் இருக்காது.

அன்புக்குரியவர்களே, இந்த ஊரிலும் கூலிக்கு வயல் வெட்டுகிறவர் இருக்கிறார், கரைவலை இழுக்கிறவர் இருக்கிறார், சேமலாப நிதி என்ற பெயரே கேள்விப்படாமல் கடையில் நிற்கிற பிள்ளை இருக்கிறது. மலையில் எங்களுக்குச் செய்வது இங்கே அவர்களுக்கும் உதவும். ஆறு மாதக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

நாளைக் காலையில் இந்தக் கதவு திறக்கும். முதல் ஆளாக ஒரு போடியார் வரலாம், ஒரு வியாபாரி வரலாம். வரட்டும், அவர்களாலும்தான் இந்த அலுவலகம் நிலைக்கும். ஆனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால், முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் உட்கார்ந்த பிறகு வேலை நின்ற திகதியைக் கேளுங்கள்.

மலைக்கு வரும் நாளை இன்றைக்கே குறித்துத் தந்தால் நாங்கள் அந்தச் செய்தியோடு பஸ் ஏறுவோம்.

உங்கள் தொழிலுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.